ஆணை எண் இல்லாத தடை

அரசிதழில் வந்த தடைகளை நீதிமன்றங்கள் 75 ஆண்டுகளாக அடித்துத் தள்ளியிருக்கின்றன. அரசிதழில் வராத தடைகளை என்ன செய்வது?

2015 ஜனவரி 12, திங்கள்கிழமை. நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சமாதானப் பேச்சுவார்த்தை. தலைமை, மாவட்ட வருவாய் அலுவலர். கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, சுடுகாட்டுப் பாதை யாருக்குச் சொந்தம், ஏரித் தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்று ஊருக்குள் முட்டிக்கொள்ளும்போது இப்படியொரு கூட்டத்தைக் கூட்டுவது வருவாய்த் துறையின் பழக்கம். அன்றைக்கு மேசைக்கு வந்தது ஒரு நாவல்.

‘மாதொருபாகன்’ வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவைப் பற்றி அதில் வரும் பகுதி, ஊரையும் கோயிலையும் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரில் கிளர்ச்சி கிளம்பியது. சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு வீதியில் விநியோகமாயின. புத்தகம் எரிக்கப்பட்டது. கடையடைப்பு நடந்தது. எழுதியவரான பெருமாள்முருகனிடம் கொஞ்ச நாள் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கச் சொன்னது போலீஸ். பேச்சுவார்த்தையில் அவர் முதலில் வருத்தம் தெரிவிக்கத்தான் தயாராக இருந்தார். எதிர்த்தரப்புக்கு அது போதவில்லை. கடைசியில், நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குதல் என்று எழுதப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் அறிவித்தது அதற்குப் பிறகு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாவலை யாரும் தடை செய்யவில்லை. அரசாணை இல்லை. அரசிதழ் அறிவிப்பு இல்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. இருந்த ஒரே காகிதத்தில் இருந்த கையெழுத்து, பாதிக்கப்பட்டவருடையது.

இந்தியாவில் பேச்சுரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் சட்டங்களைப் பற்றியே பேசுகிறோம். தேசத்துரோகப் பிரிவு கொடுமையானது, அவதூறு வழக்கு அடக்குமுறை, தணிக்கை தேவையா என்றெல்லாம். அந்தச் சண்டை தேவையானதுதான். ஆனால் அதில் பாதி இடங்களில் நீதிமன்றம் எழுதுகிறவன் பக்கமே நின்றிருக்கிறது. நிற்க முடிந்ததற்குக் காரணம், அங்கே எதிர்க்க ஒரு ஆணை இருந்தது. எதிர்க்க ஆணையே இல்லாத இடத்தில்தான் இன்றைக்கு வாய்ப்பூட்டு மாட்டப்படுகிறது.

மதராஸிலிருந்து தொடங்கிய வழக்கு

1950 மார்ச் 1. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மதராஸ் மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பம்பாயிலிருந்து வரும் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது, விற்கக் கூடாது. 1949-ம் ஆண்டின் மதராஸ் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 9 (1-ஏ). ஆணை முறையாக ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்டில் அச்சாகி வந்தது.

காலம் அப்படி. கம்யூனிஸ்ட் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 11-ம் தேதிதான் சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கைதிகள் செத்திருந்தார்கள். இடதுசாரிப் பத்திரிகை என்றாலே கோட்டையில் இருந்தவர்களுக்கு வேர்த்தது.

‘கிராஸ் ரோட்ஸ்’ ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரின் அண்ணன். அவர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26-ல் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, மதராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். நீதிபதி ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார்.

சாஸ்திரியின் வாதம் எளிமையானது. சாசனத்தின் 19 (1) (அ) பேச்சு, கருத்துச் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. 19 (2) அதற்கு வேலி போடுகிறது. அன்றைய வேலியில் அவதூறு இருந்தது, நீதிமன்ற அவமதிப்பு இருந்தது, ஒழுக்கக்கேடு இருந்தது, அரசின் பாதுகாப்பைக் குலைப்பதும் இருந்தது. பொது ஒழுங்கு இல்லை. சாசனத்தில் இல்லாத காரணத்தைச் சட்டசபை தானாகச் சேர்த்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது, ஆணையும் செல்லாது. அதே நாளில் டெல்லியின் ‘ஆர்கனைசர்’ பத்திரிகைக்குப் போட்ட முன்தணிக்கை ஆணையும் விழுந்தது. ஒன்று இடதுசாரிப் பத்திரிகை, இன்னொன்று ஆர்.எஸ்.எஸ். சார்புப் பத்திரிகை. ஒரே நாள், ஒரே காரணம்.

தாப்பருக்கு வழக்குப் போட வசதியாக இருந்தது எது? பிரிவு எண்ணும் தேதியும் போட்டு அச்சடித்த ஆணை. அதை இணைப்பாகக் கோத்து மனு போட முடிந்தது.

நேரு அரசு ஓராண்டு பொறுத்தது. 1951 ஜூனில் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. 19 (2)-ல் பொது ஒழுங்கு ஏறியது, வெளிநாடுகளுடன் நட்புறவு ஏறியது, குற்றம் செய்யத் தூண்டுதல் ஏறியது. அதுவும் முன்தேதியிட்டு, சாசனம் பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்கிற கணக்கில். (வகுப்புவாரி இடஒதுக்கீட்டைக் காப்பாற்றிய 15 (4) வந்ததும் இதே திருத்தத்தில்தான், அதற்குக் காரணமான செண்பகம் துரைராஜன் வழக்கும் மதராஸ் வழக்கே. ஒரு மாகாணத்தின் இரண்டு வழக்குகள் நாட்டின் சாசனத்தை மாற்றின.) ஆனால் அதே திருத்தம், விதிக்கப்படும் கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. எது நியாயம் என்று சொல்லும் வேலை நீதிபதியிடம் போனது. வேலியை அகலப்படுத்திய அரசு, வேலியை அளக்கும் கோலை நீதிமன்றத்தின் கையில் கொடுத்துவிட்டது. கொடுக்கும்போது அதன் கனம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

1963-ல் பதினாறாவது திருத்தம் இன்னொன்றைச் சேர்த்தது: இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு. அது யாரைக் குறிவைத்து வந்தது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது.

ஆக இன்று 19 (2)-ல் எட்டுக் காரணங்கள். எட்டுதான். ஒன்பதாவதாக ஒன்றை நீதிமன்றமே நினைத்தாலும் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்த எட்டில் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாக வர வேண்டும். சுற்றறிக்கை போதாது. 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளி மூன்று குழந்தைகளை வெளியேற்றியது. தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாக வாய் திறந்து பாடவில்லை. பாடச் சொன்னது கல்வித் துறையின் சுற்றறிக்கைதான்; சட்டத்தின் பலம் இல்லாத காகிதத்தை வைத்து 19 (1) (அ) உரிமையில் கை வைக்க முடியாது என்று 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு குழந்தைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியது. சுற்றறிக்கையே சட்டமில்லை என்றால், இன்ஸ்பெக்டரின் போன்கால் எந்தக் கணக்கில் சேரும்?

‘சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்’

தமிழ்நாட்டில் கூட்டம் போட்டுப் பழகிய எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். பதினைந்து நாள் முன்னாடியே ஸ்டேஷனில் மனு கொடுத்திருப்பார்கள். இடம், நேரம், பேசுபவர்கள் பட்டியல், மைக் செட் விவரம் எல்லாம் இருக்கும். மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பதில் வராது. கூட்டத்துக்கு முதல் நாள் இரவு, ‘சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும் சார், வேற தேதி பாத்துக்குங்க’ என்று சொல்லப்படும். உள்ளரங்கக் கூட்டம் என்றால் அமைப்பாளரிடம் சொல்வதுகூட இல்லை, மண்டபத்துக்காரரிடம் சொல்வார்கள். அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘எனக்கு லைசென்ஸ் இருக்குங்க, குடும்பம் இருக்குங்க’ என்பார். அவர்மீது கோபப்படவும் முடியாது.

சட்டத்தின் கண்ணில் அந்த வாக்கியம் ஒரு காரணமே அல்ல. 19 (2)-ல் இருப்பது பொது ஒழுங்கு. சட்டம் ஒழுங்கு அதைவிட மிகப் பெரிய வட்டம். 1965-ல் ராம் மனோகர் லோகியாவைக் காவலில் வைத்த ஆணையை ரத்து செய்தபோது நீதிபதி ஹிதாயதுல்லா மூன்று வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து காட்டினார். வெளியே சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது ஒழுங்கு. நடுவில் அரசின் பாதுகாப்பு. தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் வெளிவட்டம் கலையும், உள்வட்டம் கலையாது. அதற்கு முன்பே, 1960-ல், அதே லோகியாவின் இன்னொரு வழக்கு: உயர்த்தப்பட்ட பாசனக் கட்டணத்தைக் கட்டாதீர்கள் என்று உத்தரப் பிரதேச விவசாயிகளிடம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பேச்சுக்கும் பொது ஒழுங்கு கெடுவதற்கும் நெருக்கமான தொடர்பு இருக்க வேண்டும், என்றைக்கோ எங்கேயோ ஏதோ நடக்கலாம் என்ற யூகம் போதாது என்றார் நீதிபதி சுப்பா ராவ்.

சரி, யூகம் இல்லை, மிரட்டலே வந்துவிட்டது என்றால்? தியேட்டரைக் கொளுத்துவோம் என்று ஒரு கூட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்போது?

அதற்கும் விடை இருக்கிறது. அதுவும் நம் ஊரிலிருந்தே போனது.

ஒரு படம், ஒரு கேள்வி

‘ஒரே ஒரு கிராமத்திலே.’ கதை கவிஞர் வாலியுடையது, இயக்கம் கே. ஜோதிபாண்டியன், தயாரிப்பு எஸ். ரங்கராஜன். பிராமணப் பெண் காயத்ரி, கருப்பாயி என்ற பெயரில் பொய்யான சாதிச் சான்றிதழ் பெற்று அதிகாரியாகிறாள். பிறகு உண்மை வெளிவருகிறது. இடஒதுக்கீடு சாதி அடிப்படையில் இருக்கக் கூடாது, பொருளாதார அடிப்படையில் இருக்க வேண்டும் என்பது படம் சொல்ல வந்த கருத்து. தமிழ்நாட்டில் இதைவிடப் பற்றியெரியக்கூடிய கருத்து வேறெது? எனக்கு அந்தக் கருத்தில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த வழக்கில் அது பேச்சே இல்லை.

தணிக்கை வாரியம் ‘யு’ சான்றிதழ் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் சுப்ரீம் கோர்ட் போனார். (எதிர்மனுதாரர் பெயர் பி. ஜெகஜீவன் ராம். பழைய துணைப் பிரதமர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் 1986-லேயே காலமாகிவிட்டார்.) இதற்கிடையில் படத்துக்கு மத்திய அரசின் தேசிய விருது வேறு கிடைத்திருந்தது.

தமிழக அரசு என்ன சொன்னது? படம் திரையிடப்பட்டால் தியேட்டர்கள் தாக்கப்படும் என்று அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன, நிலைமை கைமீறிப் போகும் என்றது. 1989 மார்ச் 30-ல் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு இந்த வாதத்தை எடுத்துக்கொண்ட விதம்தான் முக்கியம். வன்முறை மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது. அப்படிச் செய்வது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்குச் சரணடைவதாகும். கருத்தைச் சொல்பவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. விரோதமான கூட்டத்தைச் சமாளிக்க எங்களால் முடியவில்லை என்று அரசு சொல்லித் தப்பிக்க முடியாது. பேச்சைத் தடுக்க வேண்டுமானால் ஆபத்து கிட்டத்தில் இருக்க வேண்டும், வெடிமருந்துப் பீப்பாயில் பொறி விழுவதைப் போல.

கேள்வியை அந்தத் தீர்ப்பு திருப்பிப் போட்டது. இந்தப் படம் கலவரத்தை உண்டாக்குமா என்று கேட்டால் நூற்றுக்கு நூறு அதிகாரிகள் ‘ஆமாம்’ என்றுதான் எழுதுவார்கள். கலவரம் செய்வோம் என்று சொன்னவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கோப்பில் பதில் இருக்காது.

இதைப் படிக்கும் காவல்துறை நண்பர்கள் சிரிக்கலாம். கையில் இருக்கும் இருநூறு போலீஸை வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு எதிரே ஆயிரம் பேர் நின்றால், ஒரு மனிதரை வாய் மூடச் சொல்வது எளிதா, ஆயிரம் பேரைக் கலைப்பது எளிதா? அந்தச் சங்கடம் உண்மையானது. நீதிமன்றமும் அதை மறுக்கவில்லை. உண்மையான நெருக்கடியில் கொஞ்ச நேரம், கொஞ்ச இடம் கட்டுப்படுத்தப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163 இருக்கிறது. ஆனால் அந்த ஆணையில் காரணம் இருக்க வேண்டும். அதை வெளியிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. 2020-ல் காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. ஆணையை வெளியிடச் சொன்னதற்கு அங்கே சொன்ன காரணம்: வெளியிட்டால்தானே எதிர்த்து வழக்குப் போட முடியும்.

ஆணையிலிருந்து ஒப்பந்தத்துக்கு

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ வரவிருந்தது. ரங்கராஜன் தீர்ப்புக்கு அப்போது கிட்டத்தட்ட 24 வயது. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்க்க, வெளியாவதற்கு முன் மாவட்டம் மாவட்டமாக கலெக்டர்கள் 144 ஆணை போட்டார்கள். தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது. 500-க்கும் மேற்பட்ட தியேட்டர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப் போதுமான போலீஸ் இல்லை என்று முதல்வர் ஜெயலலிதா நிருபர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். 1989-ல் எந்த வாதம் செல்லாது என்று தள்ளப்பட்டதோ, அதே வாதம்.

முடிவு எப்படி வந்தது? தீர்ப்பில் அல்ல. உள்துறைச் செயலாளர் முன்னிலையில் கமல்ஹாசனும் முஸ்லிம் அமைப்புகளும் உட்கார்ந்து பேசினார்கள். சில காட்சிகளை மட்டுப்படுத்துவது என்று ஒப்பந்தமானது. பிப்ரவரி 7-ல் படம் வந்தது. சட்டக் கேள்வி பதிலில்லாமல் போய்ச் சேர்ந்தது. கோடிக்கணக்கில் முதல் போட்டவர் தீர்ப்புக்குக் காத்திருப்பாரா, ரிலீஸ் தேதிக்குக் காத்திருப்பாரா? யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிர்வாகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஆணை போட்டால் ரிட் வரும். ஒப்பந்தம் போட்டால் வராது. இரண்டு ஆண்டு கழித்து நாமக்கல்லில் நடந்ததைப் பார்த்தால் பாடம் நன்றாகவே இறங்கியிருந்தது தெரிகிறது.

நாமக்கல் ஒப்பந்தத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது பெருமாள்முருகன்கூட இல்லை. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன். 2016 ஜூலை 5-ல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். அந்தச் சமாதான ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாமே என்று கேட்டார்கள். எழுத்தாளரை மீண்டும் எழுதச் சொன்னார்கள். அவரும் எழுதினார்.

அந்தத் தீர்ப்பைப் பலரும் அதன் கடைசி வரிக்காகக் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால் அதன் பெரிய பங்களிப்பு வேறு. ‘பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் நடந்ததும் அரசின் செயல்தான், அதையும் 19-வது பிரிவின் முன் நிறுத்தலாம் என்பது அதிலிருந்து கிடைத்தது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு: 1994-ன் நக்கீரன் வழக்கு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் தொடராக வெளியிடவிருந்தது. அதில் பல அதிகாரிகளின் பெயர் வரும் என்ற பேச்சு. சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்று. சுப்ரீம் கோர்ட் அந்தக் கடிதத்துக்கு என்ன சட்ட பலம் என்று பார்த்தது. ஒன்றும் இல்லை. அவதூறு வரும் என்று பயந்து முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் தரும் சட்டமே கிடையாது. வெளியான பிறகு வேண்டுமானால் வழக்குப் போடலாம், அதுவும் அலுவலகக் கடமை சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொய் என்று தெரிந்தோ, உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ எழுதினார்கள் என்று நிரூபித்தால்தான் என்றது. தனிமனித அந்தரங்கத்துக்கும் அதே தீர்ப்பு வேலி போட்டது: பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், ஒருவருடைய குடும்ப வாழ்க்கையை அவர் சம்மதமில்லாமல் தோண்டக் கூடாது. தீர்ப்பு வந்தது அக்டோபரில். மறு ஆண்டு ஏப்ரலில் சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார்.

நாடகக்காரர்கள் கதை இன்னும் நீளம். எம்.ஆர்.ராதாவின் வாயை அடைக்கத்தான் வந்தது என்று ஊரே சொன்ன 1954-ன் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அவர் போய்ச் சேர்ந்து 33 ஆண்டுகள் கழித்து, 2013-ல்தான் நீதிமன்றத்தில் விழுந்தது. வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ஞாநி. அதுவரை ஊர்த் திருவிழாவில் நாடகம் போடும் இளைஞர்கள்கூட ஸ்கிரிப்டை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்தார்கள்.

யாருக்கு இந்த உரிமை?

இந்த இடத்தில் நம்மில் பலருக்கு ஒரு சறுக்கல் வரும். நமக்குப் பிடித்தவரைத் தடுத்தால் பாசிசம், பிடிக்காதவரைத் தடுத்தால் சமூக நல்லிணக்கம். 2022-ல் தமிழகம் முழுவதும் அணிவகுப்பு நடத்த ஆர்.எஸ்.எஸ். அனுமதி கேட்டது. பி.எஃப்.ஐ. அமைப்பு மீதான தடைக்குப் பிறகு நிலைமை சரியில்லை, சட்டம் ஒழுங்கு கெடும் என்று அரசு மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, பிறகு டிவிஷன் பெஞ்ச் என்று ஏறி, 2023 ஏப்ரல் 11-ல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. அரசே தாக்கல் செய்த வழக்குப் பட்டியலில் பல இடங்களில் அந்த அமைப்பினர் தாக்கப்பட்டவர்கள், தாக்கியவர்கள் அல்லர் என்று நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். அரசின் மேல்முறையீடு தள்ளுபடி. அதே வாரம் அணிவகுப்பு நடந்தது.

தாக்கப்படுவோம் என்பவரை வீட்டில் உட்காரச் சொல்லி, தாக்குவேன் என்பவரைத் தெருவில் விடுவது தவறென்றால் அது பெருமாள்முருகனுக்கும் தவறு, ஆர்.எஸ்.எஸ்.ஸுக்கும் தவறு. 1950 மே 26-ல் ‘கிராஸ் ரோட்ஸ்’ஸையும் ‘ஆர்கனைச’ரையும் ஒன்றாக விடுவித்தவர்கள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் எதையும் பேசலாமா? கூடாது. எல்லைக்கோடு எங்கே என்று 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு வரைந்தது. ஒரு கருத்தை விவாதிக்கலாம். அதற்காக ஆவேசமாக வாதாடலாம், கேட்பவருக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும். தூண்டிவிடுவதில் போய் நிற்கும்போதுதான் அரசு குறுக்கே வரலாம். அந்தத் தெருவுக்குப் போங்கள், அந்த வீடுகளைக் கொளுத்துங்கள் என்று மைக்கில் சொல்பவரைப் பிடித்து உள்ளே வைப்பதில் பேச்சுரிமைக்கு எந்த இழப்பும் கிடையாது. அவர் பேச்சைக் கேட்டவர்கள் கொளுத்துவார்கள். பெருமாள்முருகன் விஷயத்தில் கொளுத்தியவர்கள் அவர் எழுத்தை எதிர்த்தவர்கள். முதலாவதில் பேசியவர் குற்றவாளி. இரண்டாவதில் அவர் பாதிக்கப்பட்டவர். ஆனால் வெறுப்புப் பேச்சாளருக்கு முன்னும் பின்னும் பந்தோபஸ்து போகும், கார்ட்டூன் போட்டவர் வீட்டுக் கதவு அதிகாலையில் தட்டப்படும். சட்டம் இப்படி எங்கேயும் சொல்லவில்லை.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ ஒழிந்தது. எரிச்சலூட்டும் பதிவு என்று யார் மீதும் வழக்குப் போட வகைசெய்த பிரிவு அது. புதுச்சேரியில் ஒரு ட்வீட்டுக்கும், மும்பைப் பக்கம் பால்கரில் ஃபேஸ்புக் பதிவுக்கும் அதற்கு வந்த லைக்குக்கும் கைது நடந்தது இதன் கீழ்தான். செத்துப்போன பிரிவு ஸ்டேஷன்களில் சாகவில்லை. அதன் கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாகிக்கொண்டிருப்பதைப் பார்த்து 2021-ல் சுப்ரீம் கோர்ட் அதிர்ச்சி தெரிவித்தது. இனி யார் மீதும் இதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

எஃப்.ஐ.ஆரும் ஒரு வகையில் ஆணை எண் இல்லாத தடைதான். யாரையும் பேசாதே என்று அது சொல்வதில்லை. 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் சொன்ன கருத்துக்கு 23 கிரிமினல் புகார்கள், வெவ்வேறு ஊர்களில். அத்தனையும் அடிப்படையற்றவை என்று 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நாலரை ஆண்டுகள். நடிகைக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015-ல் தேசத்துரோக வழக்கில் நள்ளிரவில் கைதான பாடகர் கோவன் போன்றவர்களுக்கு அமைப்புப் பின்னணி உண்டு. கிராமத்தில் ஒரு வாட்ஸ்அப் பதிவுக்காக மாட்டிக்கொள்பவருக்கு என்ன உண்டு?

தேசத்துரோகப் பிரிவான 124-ஏ, 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டால் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயர் இல்லை. 152-வது பிரிவு இருக்கிறது, இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பது என்று. வாசகங்கள் பழையதைவிடத் தெளிவாக இல்லை. ஆனால் புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், எஃப்.ஐ.ஆர். போடும் முன் பூர்வாங்க விசாரணை நடத்த 173 (3) இடம் தருகிறது. 2025 மார்ச் 28-ல் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி பகிர்ந்த கவிதை தொடர்பான குஜராத் வழக்கை ரத்து செய்தபோது, பேச்சு சம்பந்தப்பட்ட புகார்களில் போலீஸ் இந்த வழியைப் பயன்படுத்துவதே முறை என்றார் நீதிபதி அபய் ஓகா. எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் கண்ணால் அல்ல, திடமனதுள்ள நியாயமான மனிதரின் கண்ணால் வார்த்தைகளைப் படிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் ஃபிளெக்ஸ் அடித்து மாட்ட வேண்டிய தீர்ப்பு.

ஒரே பத்திரிகை, இரண்டு கார்ட்டூன்

1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவை வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேள்வி. ஒருவரை ஜேப்படித் திருடனாகவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் அடையாளம் சொல்லும் பதில். சட்டசபைக்குப் பொறுக்கவில்லை. உரிமை மீறல் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை. நாடு முழுக்க எழுந்த கண்டனத்தில் ஓரிரு நாளிலேயே விடுதலை. அவர் விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1994-ல் அவர் சிறைவைக்கப்பட்டது செல்லாது என்று தீர்ப்பும், ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் பெற்றார். ஏழு ஆண்டு நடந்த வழக்கு. ஆனாலும் சபைத் தீர்மானம் என்று ஒன்று கையில் இருந்தது, அதை எதிர்த்து வாதாட முடிந்தது.

2025 பிப்ரவரி. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்ட சமயம். டிரம்ப் அருகில் பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதைப் போல விகடனின் டிஜிட்டல் இதழில் ஒரு கார்ட்டூன். பிப்ரவரி 15 சனிக்கிழமை மாலை, விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. முழுத் தளமும். முடக்கம் பற்றி அப்போது நிறுவனத்துக்கு எந்த முறையான அறிவிப்பும் வந்திருக்கவில்லை. அமைச்சகத்தின் நோட்டீஸ் பிறகு வந்தது, விசாரணை அதற்கும் பிறகு, ஆணை கடைசியில். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் முடக்கம் செல்லும் என்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு ஏற்றுக்கொண்டதே, அதில் காரணம் எழுதுவதும் சம்பந்தப்பட்டவரை விசாரிப்பதும் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நடைமுறையையே ரகசியமாக வைக்கச் சொல்லும் 16-வது விதியும் கூடவே இருக்கிறது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, கார்ட்டூன் உள்ள பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பக்கத்தின் மீதான புகாருக்கு ஒட்டுமொத்தத் தளமும் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருட்டில் கிடந்தது.

1987-ல் ஆசிரியரைச் சிறையில் தள்ள ஒரு சபை கூடி, விவாதித்து, ஓட்டெடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு சனிக்கிழமை மாலை போதும்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் பேச்சுரிமை வழக்கு என்று யார் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனாலும், ரிட் பக்கம் பழகிய வக்கீல் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆர்டர் காப்பி இருக்கா? இல்லையென்றால் உண்டாக்கிக்கொண்டு வரச் சொல்வார். மனுவை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் மறுத்தால், ‘இன்ன தேதி, இன்ன நேரம் நீங்கள் போனில் மறுத்ததன்படி’ என்று திருப்பி ஒரு கடிதம் எழுதுங்கள். மண்டபத்துக்காரர் ரத்து செய்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் வாட்ஸ்அப்பிலாவது கேளுங்கள். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் அழைப்பாணையைக் கேளுங்கள், வக்கீலோடு போங்கள், அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத் தேதிக்கு முன்னால் பத்து நாளாவது மிச்சம் இருக்கும்படி வாருங்கள். முதல் நாள் சாயங்காலம் வந்து நின்றால் எந்த நீதிபதியாலும் ஒன்றும் செய்ய முடியாது.